லிஃப்ட்காரரின் விசில்

“அந்த லிஃப்ட்காரருக்காக ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போட மாட்டேன். அவரோட சத்தம் தீப்பிடிச்சு எரியட்டும், கையில தண்ணிக் குடத்தை வெச்சுக்கிட்டு நின்னு வேடிக்கை பார்ப்பேன். ஒரு சொட்டு ஊத்தினேன்னா என்னை நிக்க வெச்சுக் கேளுங்க.”

பீப் அக்கா இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது கூர்செவி வட்டத்தின் கூட்டத்தில். கூட்டம் என்றதும் பந்தல், மைக், மாலை என்று கற்பனையை ஓட விட வேண்டாம். புரொபசர் வீட்டு மாடி அறை, நாலு நாற்காலி, ஒரு முக்காலி. அன்றைக்கு நாற்காலிகளில் ஒன்று காலி. லிஃப்ட்காரர் எல்லோருக்கும் டீ வாங்கி வரக் கீழே போயிருந்தார். சபதம் செய்ய அதைவிடத் தோதான நேரம் வாய்க்காது. அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து டம்ளரை நீட்டியதும் அக்கா வாங்கிக் குடித்தார். சபதம் அவருடைய சத்தத்தைப் பற்றியதுதான். டீயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

வட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதில் நாலு பேர். நாலு பேரும் இசையமைப்பாளர்கள். அந்த இசையில் ராகம் இல்லை, தாளம் இல்லை, பாடகர் இல்லை, பெரும்பாலும் கேட்பவரும் இல்லை. கிடைத்த சத்தத்தைப் பதிவு செய்வது, அதை இழுப்பது, நசுக்குவது, தலைகீழாக ஓட விடுவது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது, பிறகு இருட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்பது. மின்னொலிப் பரிசோதனை இசை என்பார் புரொபசர். அக்காவின் தங்கை அதை ‘உங்க மிஷின் இரைச்சல்’ என்பாள்.

புரொபசர் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் படைக்கும் சத்தத்தைவிட அந்தச் சத்தத்துக்கு எழுதும் விளக்கம் எப்போதும் நீளம். அடுத்தவர் தண்ணி. வங்கியில் வேலை. சொட்டும் குழாய், நிரம்பும் வாளி, அடைத்த சாக்கடை என்று நீரை மட்டுமே பதிவு செய்வதால் அந்தப் பெயர். வேறு காரணம் எதுவும் இல்லை என்று அவர் மனைவி பல இடங்களில் தெளிவுபடுத்தியிருக்கிறார். மூன்றாமவர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வட்டத்தை ஆரம்பித்தவரும் அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே.

நாலாவது ஆள் பீப் அக்கா. ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் பிரிவில் வேலை. மனிதர்களைக் கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, வெளியே இருந்து பீப் பீப் என்று சத்தம் அனுப்புவார். கேட்டால் அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை என்று தோன்றும். ஆனால் கேட்காமலே அழுத்துகிறவர்கள், கேட்டும் அழுத்தாதவர்கள், செவிடு என்று சான்றிதழ் வாங்க வந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் பேனா விழுந்ததும் திரும்பிப் பார்க்கிறவர்கள் என்று சகல நாடகத்தையும் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, முகத்தைக் கொண்டே காதை எடை போடும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் பார்க்கும் பார்வை அப்படி.

இனி, பகைக்கு வருவோம்.

அக்கா பிறந்த வீட்டில் நாலு பெண்கள். அப்பா வீட்டுக் கதவுகள் அத்தனையிலும் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு செய்ய என்ன வேலை இருக்கிறது என்பது அவர் கேள்வி. குளியலறைக்குள் போகிறவள் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம், யார் வேண்டுமானாலும் கதவைத் தள்ளலாம். இப்படி வளர்ந்த பெண், வேலை கிடைத்து வேறு ஊரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். அந்தக் கதவில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. துருப்பிடித்த, சுண்டு விரல் அளவுத் தாழ்ப்பாள். முதல் நாள் சாயங்காலம் அவள் சமைக்கவில்லை, படுக்கை விரிக்கவில்லை. தாழைப் போடுவதும் எடுப்பதுமாகவே பொழுது போயிற்று.

அக்காவின் முதல் இசை அதுதான். பெயர் ‘தாழ்’. அப்பாவின் செருமல், அக்கா தங்கைகளின் சண்டை, பாத்திரம் உருளுவது, மின்விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் ஊருக்குப் போனபோது பதிவு செய்து வந்து, அடுக்கி அடுக்கி, தனித்தனியாக எதுவும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கனத்த ரீங்காரமாக ஆக்கியிருந்தார். அது ஏறிக்கொண்டே போகும். மண்டை வெடித்துவிடும் என்கிற இடத்தில் மெல்ல இறங்கும். கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்குத் தேய்ந்ததும், ஒரு சின்ன ‘டிக்’. தாழ் விழுந்துவிட்டது. முடிந்தது.

அந்த ‘டிக்’ இல்லாவிட்டால் அது வெறும் இரைச்சல். ‘டிக்’ விழுந்துவிட்டால் அது ஒரு பெண்ணின் வரலாறு.

வட்டத்தின் முதல் தொகுப்பு கேசட்டில் வந்தது. தொகுத்தவர் லிஃப்ட்காரர். வெளியீட்டன்று இதே மாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். அக்காவின் ரீங்காரம் ஏறியது, இறங்கியது, தேய்ந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரம் எதுவும் இல்லை. பிறகு தண்ணியின் குழாய் சொட்டத் தொடங்கியது.

விளக்கைப் போட்டதும் அக்கா நேராக லிஃப்ட்காரரிடம் போனார்.

“கடைசியை என்ன பண்ணீங்க?”

“கேசட்ல ஒரு பக்கம் நிரம்பி வழிஞ்சுதுக்கா. உங்களோடது பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. நான்தான் நல்ல இடமாப் பார்த்து அழகா முடிச்சு வெச்சேன்.”

“கடைசியில இருந்ததை வெட்டிட்டீங்க.”

“கடைசியிலயா?” லிஃப்ட்காரர் உண்மையிலேயே யோசித்தார். “கடைசியில ஒண்ணும் இல்லையேக்கா.”

ஒண்ணும் இல்லையே. இந்த இரண்டு வார்த்தைகளை அக்கா அன்றைக்கு வீட்டுக்கு எடுத்துப் போனவர், அப்புறம் கீழே வைக்கவே இல்லை. போதாததற்கு ஒரு சிற்றிதழ் அந்தக் கேசட்டுக்கு மதிப்புரை எழுதியது. ‘தாழ்’ பற்றி அதில் ஒரே வரி: எங்கிருந்தோ கிளம்பி எங்கும் போய்ச் சேராத ரீங்காரம், இசையமைப்பாளர் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார் போலும். அப்பா கழற்றிய தாழ்ப்பாளை ஒருவழியாகத் தேடிப் பிடித்து மாட்டினால், அதையும் ஒருவர் கழற்றிவிட்டார். அதுவும் சிரித்த முகத்தோடு.

அக்கா வட்டத்தை விட்டு விலகவில்லை. விலகிவிட்டால் பழி வாங்குவது எப்படி? இருபது வருஷத்துக்கு மேல் அவர் தொடர்ந்து போனதற்கு இசை பாதிக் காரணம், இருமல் மீதிக் காரணம். லிஃப்ட்காரரின் புதிய படைப்பு எதை ஒலிக்க விட்டாலும், அதில் ஆக மெல்லிய இடம் எதுவோ, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் இடம் எதுவோ, அங்கே அக்காவுக்கு இருமல் வரும். லொக் லொக் என்று ஏனோதானோ இருமல் இல்லை. ஒத்திகை பார்த்து, பதம் பிடித்து, நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பும் இருமல். நம்பகத்துக்காகப் பையில் தொண்டை மிட்டாயும் வைத்திருப்பார். லிஃப்ட்காரர் ஒவ்வொரு தடவையும் பதறிப் போய்த் தண்ணீர் கொண்டுவருவார். ஒரு முறை ஒரு பாட்டில் தேன் வாங்கி வந்து கொடுத்தார். “தொண்டையை இப்படி விடக் கூடாதுக்கா.” அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எதிரி என்றால் எதிரியாக நடந்துகொள்ள வேண்டாமா?

இந்த நிலவரத்தில்தான் இரண்டாவது தொகுப்பு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை இசைத்தட்டு. எல்லோரும் ஃபோனில் கேட்கும் காலத்தில், யார் வீட்டிலும் பிளேயர் இல்லாத ஒரு தட்டில் இசையை வெளியிடுவதுதான் பரிசோதனை இசைக்கு மரியாதை என்று புரொபசர் கண்டுபிடித்திருந்தார். தொகுப்பாசிரியர் யார்? புரொபசருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. தண்ணிக்கு நேரம் இல்லை. லிஃப்ட்காரர் எழுந்து, “அக்கா காதுதான் நம்ம எல்லார் காதையும் விடச் சுத்தம். அவங்களே பண்ணட்டும்” என்று முன்மொழிந்தார். சபதத்துக்கு உரியவரே கத்தியைத் தீட்டி, பிடியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய படைப்பின் பெயர் ‘மேலும் கீழும்’. லிஃப்ட் ஓடும் சுரங்கத்துக்குள் மைக்கை இறக்கி, கம்பிக் கயிறுகள் முனகுவதையும் மோட்டார் மூச்சு விடுவதையும் பல மாதங்கள் பதிவு செய்து உருவாக்கியது. முதன்முதலாக மாடி அறையில் அதை ஒலிக்க விட்டபோது, அக்கா வழக்கம்போல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு இருமலுக்குத் தயாரானார். இரும வேண்டியிருக்கவில்லை.

முதல் நொடியிலிருந்தே ஒரு விசில். ஊசியைக் காதுக்குள் விட்டுத் திருகுவது போல, கீச்சென்று, விடாமல். அதன் அடியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. என்னவென்று யார் கேட்டார்கள்? தண்ணி தாடையைப் பிடித்துக்கொண்டார். புரொபசர் வயதானவர், அவருக்கு அந்த விசில் கொஞ்சம் தூரத்திலிருந்துதான் வந்தது, ஆகவே முகத்தில் ஒரு ஞானக்களை. லிஃப்ட்காரர் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டியபடி ரசித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அது முடிந்தது. இந்த வட்டத்தில் ஒரு சத்தம் தப்பா வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்பது, விருந்துக்குப் போன இடத்தில் சோறு வெந்ததா என்று கேட்பதற்குச் சமம். கேட்டால் கேட்டவர்தான் ஞானசூன்யம்.

“தைரியம்,” என்றார் தண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு. “ரொம்பத் தைரியம்ணே.”

“கேட்பவரைக் கருணையின்றி வெளியேற்றும் ஒலி,” என்றார் புரொபசர். “நான் இதைப் பத்தித் தனியாவே எழுதணும்.”

“அப்படியா சொல்றீங்க?” லிஃப்ட்காரர் கூச்சத்தோடு சிரித்தார். “நான் சும்மா கயிறு பேசறதைத்தான் வெச்சேன்.”

அக்காவுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பதிவுக் கருவியை மட்டமான சார்ஜரில் செருகியபடியே பதிவு செய்திருக்கிறார். அந்த சார்ஜர் போடுகிற கூச்சல் இது. கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்ட அலட்சியம்! அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மிட்டாயை நிதானமாகச் சப்பி முடித்தார். தொகுப்பில் ‘மேலும் கீழும்’ முதல் பக்கத்தில் முதலாவது என்று அறிவித்தார். லிஃப்ட்காரர் நெகிழ்ந்து போய், “எதுக்குக்கா எனக்கு இவ்வளவு பெரிய இடம்” என்றார்.

“உங்களுக்கு உரிய இடம்தான்,” என்றார் அக்கா.

வெளியீடு நூலக அரங்கில். ஆள் உயர ஸ்பீக்கர்கள். முன்வரிசையில் லிஃப்ட்காரரின் வீட்டம்மா, அவர் பக்கத்து உறவுகள், லிஃப்ட் கம்பெனி மேனேஜர், மேனேஜரின் குழந்தைகள். ஊசி தட்டைத் தொட்டதும் விசில் கிளம்பும். குழந்தைகள் முதலில் காதைப் பொத்தும், பிறகு அலறும். மேனேஜர் எழுந்து போவார். மேடையில் லிஃப்ட்காரர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் அக்கா இந்தக் காட்சியை ஓட்டிப் பார்ப்பார். மேனேஜர் எழுந்து போகும் இடத்தில் தினமும் ஒரு சின்ன மாற்றம் செய்வார். நேற்று வெறுமனே போனவர், இன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார்.

அப்படி ஒரு நாள் மேனேஜரை அனுப்பி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், பெஞ்சில் லிஃப்ட்காரரும் அவருடைய வீட்டம்மாவும்.

“நான் வரலைன்னுதான்க்கா சொன்னேன். இவதான் இழுத்துட்டு வந்தா,” என்றார் அவர்.

“இழுக்காம? டிவியை அலற விடறார், அக்கம்பக்கம் சண்டைக்கு வருது,” என்றார் வீட்டம்மா. “கதவு மணி அடிச்சா எந்திரிக்கறதில்ல. என் தங்கச்சி ஃபோன்ல பேசினா ‘என்ன என்ன’ன்னு கேட்டுட்டுக் கட் பண்ணிடறார். என்னைப் பொறுத்தவரைக்கும் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மனசுதான் இல்ல. நீங்களே டெஸ்ட் பண்ணி, நடிக்கறார்னு எழுதிக் குடுத்துடுங்க.”

எதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அக்கா அவர் தலையில் ஹெட்ஃபோனைச் சற்று இறுக்கமாகவே மாட்டினார். “சத்தம் கேட்டா அழுத்துங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி.”

கனத்த சத்தங்களில் ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் டக் டக்கென்று அழுத்தினார், சொன்ன வேலையைத் தட்டாமல் செய்கிறவர் மாதிரி. சத்தம் மெலிந்து, சுருதி உயர உயர, அழுத்துவது தடுமாறியது. பிறகு நின்றுவிட்டது. அக்கா சத்தத்தைக் கூட்டினார். லிஃப்ட்காரர் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கூட்டினார். அவர் பட்டனின் மேல் கட்டை விரலை வைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

நடிப்பு, என்று நினைத்தார் அக்கா. கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நடிக்கிறவனுக்குச் சத்தம் வந்ததும் கண்ணோரம் ஒரு சிலிர்ப்பு ஓடும். எந்தக் கொம்பனாலும் அதை அடக்க முடியாது. இந்த முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

அக்கா கண்ணாடியை விட்டு விலகிக் கருவிக்குத் திரும்பினார்.

விதிப்படி செய்யக் கூடாத ஒரு காரியத்தை அவர் செய்தார். தன் ஃபோனைப் பரிசோதனைக் கருவியில் செருகினார். ‘தாழ்’ இசையின் கடைசித் துண்டு அதில் எப்போதும் இருக்கும். அந்த ‘டிக்’கை, அந்தக் காலத்தில் எவ்வளவு சத்தத்தில் வைத்தாரோ அதே அளவில் அனுப்பினார். லிஃப்ட்காரர் காதுப் படத்தைப் பார்த்தார். இரண்டு மடங்கு கூட்டி அனுப்பினார். அவர் தொடையில் இருந்த ஒரு தூசியைத் தட்டினார். ‘டிக்’. ‘டிக்’. ‘டிக்’. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாழைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

உள்ளே இருக்கும் மைக் வழியாக அவர் குரல் வந்தது. “அக்கா, நான் ரெடி. எப்ப வேணா ஆரம்பிங்க.”

அக்கா எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து, அவர் காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கினார்.

“மோட்டார் ரூம்ல எத்தனை வருஷமா வேலை பார்க்கறீங்க?”

“சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டேனேக்கா. ஏன்?”

“காதுல அடைப்பு ஏதாவது வெச்சுப்பீங்களா?”

“குடுத்தாங்க. அதை வெச்சுக்கிட்டா மோட்டார் என்ன சொல்லுதுன்னு கேக்காதே.”

“கீச்சுன்னு மெல்லிசா வர்ற எந்தச் சத்தமும் உங்களுக்குக் கேக்கல,” என்றார் அக்கா. “இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ரொம்ப வருஷமா, நாம கேசட் போட்டதுக்கு முன்னாடி இருந்தே இப்படித்தான் இருந்திருக்கணும்.”

லிஃப்ட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற வீட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்போ, நான் கூப்பிட்டதெல்லாம்?”

“நீங்க சன்னமாப் பேசறவங்க. பாதி போய்ச் சேர்ந்திருக்காது.”

“பக்கத்து ரூம்ல இருந்து அழுதது?”



வீட்டம்மா கணவரைப் பார்த்தார். இரக்கம் வரும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். “பாவி மனுஷா! கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுக்கென்ன? உன்மேல நான் பட்ட கோபத்தையெல்லாம் இப்போ எங்க கொண்டு போய்க் கொட்டுவேன்?” என்று கத்திவிட்டு, பெஞ்சில் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது லிஃப்ட்காரருக்கு நன்றாகவே கேட்டது.

அவர் அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். “வட்டத்துல சொல்லிடாதீங்கக்கா. கூர்செவின்னு பேர் வெச்சதே நான்தான்.”

“சரி,” என்றார் அக்கா.

அன்றைக்கு வீட்டுக்குப் போன அக்காவின் நிலைமையை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக ஒரு விலாசத்துக்குச் சாபமாகத் தபால் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்த விலாசத்தில் ஆளே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்த மனிதர் ‘டிக்’கைக் கேட்டுவிட்டு அற்பம் என்று ஒதுக்கவில்லை. அவருக்கு அங்கே நிஜமாகவே ஒன்றும் இருக்கவில்லை. மன்னிக்கலாம் என்றால் மன்னிக்கக் குற்றம் இல்லை. வெறுக்கலாம் என்றால் கால் ஊன்ற இடம் இல்லை. எதிரி தன்னை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவார் என்று அக்கா கனவிலும் நினைக்கவில்லை.

ஆனால் அவ்வளவு லேசில் விட்டுவிட அவர் என்ன சாதாரணப் பெண்ணா? சோற்றைப் பிசைந்தபடியே வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்தார். கேட்கவில்லை, சரி. கேட்டிருக்கலாமே? ‘அக்கா, கடைசியில என்ன வெச்சிருக்கீங்க’ என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை? வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஃபோன்? அதற்குக் காது எதற்கு, வாய் போதுமே! ஆக, குற்றம் குற்றமே. அரங்கும் விசிலும் அழும் குழந்தைகளும் மறுபடி உயிர்பெற்றன. அக்காவுக்குப் பசியும் திரும்பியது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, தங்கைக்கு ஃபோன் போட்டுத் திட்டம் முழுவதையும் விவரித்தார்.

தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த விசில் இருக்கறது அவருக்குத் தெரியுமா?” என்றாள்.

“எப்படித் தெரியும்? அதான் கேக்காதே.”

“நீ சொன்னியா?”

“நான் எதுக்குடி சொல்லணும்?”

“சரி சரி. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவரோட பாட்டைக் கெடுத்து வெளியிடப் போறே. இதே மாதிரி யாரோ பண்ணாங்கன்னு இவ்வளவு வருஷமா என் காதுல ரத்தம் வர வெச்சியே, யாருக்கா அது?”

அக்கா ஃபோனை வைத்துவிட்டார். தங்கைகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் இல்லாத வீடே சரி என்று அப்பா நினைத்ததில் நியாயம் இருப்பதாக அன்றைக்கு முதன்முறையாக அவருக்குப் பட்டது.

தட்டு அச்சடிக்கும் இடத்துக்கு ஒலிக்கோப்புகளை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. அட்டை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. அதன் பின்புறம் முழுக்க ‘மேலும் கீழும்’ படைப்பில் வரும் விசிலின் தத்துவம் பற்றிப் புரொபசர் எழுதிய கட்டுரை. நாலு பேரின் ஒலியையும் கடைசியாக ஒரு முறை கேட்டுச் சரிபார்ப்பது தொகுப்பாசிரியரின் கடமை. புறநோயாளிகள் வராத ஒரு விடுமுறை நாள் மதியம், அக்கா கம்ப்யூட்டரையும் சின்ன மிக்ஸரையும் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெளிச்சத்தம் எட்டாத கண்ணாடி அறைக்குள் தானே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்ணியைச் சீக்கிரம் முடித்தார். புரொபசரை இன்னும் சீக்கிரம். தன்னுடையதை ஒரு தடவை. பிறகு லிஃப்ட்காரர்.

விசில் எவ்வளவு தூரம் குத்தும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நன்றாகவே குத்தியது. கண்ணில் நீர் வந்தது. அடியில் என்னதான் வைத்திருக்கிறார் இந்த மனுஷர் என்று, சும்மா ஒரு பார்வை பார்ப்பதற்காக, அந்தச் சுருதியை மட்டும் பிடித்து அமுக்கும் குமிழைக் கொஞ்சம் திருகினார்.

கயிறுகள் இருந்தன. அத்தனை ஆழத்திலிருந்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, பாரம் ஏற ஏறக் குரல் இறங்கும் கயிறுகள். மோட்டார் நின்று, யோசித்து, மறுபடி எடுத்தது. யாரோ ஒருவர் எல்லோரையும் ஏற்றி இறக்கிவிட்டு, வெற்றுப் பெட்டியோடு தனியாகக் கீழே வருகிற மாதிரி இருந்தது. உலகத்தில் பாதிச் சத்தம் மட்டுமே மிச்சம் இருக்கிற ஒருவர், அந்தப் பாதியை எப்படிக் கேட்கிறாரோ அப்படியே பிடித்து வைத்திருந்தார். நன்றாக இருந்தது. அக்கா கொடுமையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விசில் ஓர் இடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், கயிற்றின் முனகலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒரே திருகில் ஒழித்துக் கட்ட முடியாது. பின்னாலேயே போக வேண்டும், ஒவ்வொரு அடியாக, கயிற்றின் மேல் கீறல் விழாமல். அக்கா ஆரம்பத்துக்குப் போனார். பிடித்தார், அமுக்கினார், கேட்டார். தப்பிவிட்டது. மறுபடி ஆரம்பத்திலிருந்து. வாயில் போட்டிருந்த தொண்டை மிட்டாய் எப்போது கரைந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவை நிஜமாகவே இருமல் வந்தது. ஒரு முனகல் தவறிவிடும் என்று அதை அப்படியே விழுங்கினார்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கூட்டிப் பெருக்குகிற அம்மாள், கையில் சாவிக்கொத்தோடு. அவரே கதவைத் திறந்தார்.

“மேடம், பூட்டணும். இன்னும் முடியலையா?”

அக்கா ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்ஃபோனை விலக்கினார். “கொஞ்சம் இருக்கு. கடைசிப் பகுதி.”

அந்த அம்மாள் அறையை எட்டிப் பார்த்தார். “உள்ள பேஷண்ட் யாரும் இல்லையே. யாருக்கு மேடம் இவ்வளவு நேரம் பார்க்கறீங்க?”

“எனக்கு வேண்டாத ஒருத்தருக்கு,” என்று எரிந்து விழுந்துவிட்டு, அக்கா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு மறுபடியும் குமிழைப் பிடித்தார்.